இரண்டு சொடுக்கு

பொன்னுரங்கம் அதிரடிப்படையில் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் எஸ்தர் வயதில் அவரைவிட இளையவர். இருந்தும் துப்பாக்கி பற்றிய சந்தேகம் என்றால் பொன்னுரங்கம் நேராக எஸ்தரிடம்தான் போவார். "குருவே" என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்று தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆபரேஷன் செய்த தோள்.

"குருவே, சைலன்சர் மாட்டினதிலிருந்து துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்குது. புகை வேற கண்ணைக் கரிக்குது. நாளைக்குத் தேர்வு. சரியா சுடலேன்னா இனிமே காட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஆபீஸ்ல உட்கார வெச்சிடுவாங்க."

"சைலன்சர் முன்பக்கத்தை அடைக்குதுண்ணே. வெளியே போக முடியாத வாயு பின்னால திரும்புது. அதான்."

"உதையே இல்லாம செய்ய முடியாதா?"

எஸ்தர் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். பின்னால் வரும் வாயுவைக் கூட்டிக் குறைக்க, குழலின் மேலிருந்த சின்னத் திருகை முழுக்க மூடினார். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடச் சொன்னார்.

பொன்னுரங்கம் சுட்டார். தோள் வலிக்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்தது. ஆனால் தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் துண்டான போல்ட் அசையவில்லை; சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உள்ளேயே கிடந்தது.

"பின்னால வர்ற வாயுதான் போல்ட்டைத் தள்ளணும்ணே. தள்ளினாத்தான் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா ஏறும்."

எஸ்தர் திருகை 'டிக்' என்று ஒவ்வொரு சொடுக்காகத் திறந்தார். ஒவ்வொரு முறையும் ஒற்றைத் தோட்டா. கடைசியில் போல்ட் முழுதாகப் பின்னால் போய் நின்றது.

"போதும் குருவே, இதோட விட்டுடுங்க."

எஸ்தர் இன்னும் இரண்டு சொடுக்கு திறந்தார்.

"அது எதுக்கு?"

"இருக்கட்டும்ணே."

அந்த இரண்டு சொடுக்கும் பொன்னுரங்கத்தின் தோளுக்குத் தெரிந்தன. எஸ்தர் சாப்பிடப் போன நேரத்தில் அவற்றைத் திருப்பி மூடினார். சுட்டுப் பார்த்தார். துப்பாக்கி நன்றாகவே வேலை செய்தது. மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, தேர்வு நடக்கும் மலையெங்கும் பனிமூட்டம். விரல் விறைக்கும் குளிர். மண்சாலையில் ஜீப்பில் வந்ததில் துப்பாக்கி மேல் புழுதி படிந்திருந்தது.

முதலில் பயிற்சிக்குச் சுடலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது. பொன்னுரங்கம் சுட்டார். இதமாக இருந்தது. மறுபடி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பியிருந்தது. காலிக் கூடு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்தது மதிப்பெண்ணுக்கு," என்றார் அதிகாரி. "துப்பாக்கியைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க."

எஸ்தர் வந்து கூட்டை எடுத்துப் போட்டார். திருகைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார்.

"நேத்து இதுவே போதுமா இருந்துச்சே," என்று முணுமுணுத்தார் பொன்னுரங்கம்.

"நேத்து வெயில். துடைச்சு எண்ணெய் போட்ட துப்பாக்கி. அந்த ரெண்டு சொடுக்கு நேத்துக்கு இல்லண்ணே."

சொல்லிவிட்டுத் திருப்புளியை நீட்டினார். பொன்னுரங்கம் தன் கையாலேயே திருகைத் திறந்தார். டிக். டிக்.

"தோள் வலிக்குமே, குருவே." இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

"வலிக்கும்ணே. வலிச்சா, அடுத்த தோட்டா ஏறிடுச்சுன்னு வெச்சுக்கோங்க."