இரண்டு தட்டில் ஒரே ரத்தம்

ரத்த வங்கியில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய லூர்துசாமிக்குத் தன் ரத்தத்தைப் பற்றி ஏகப் பெருமை. எந்தப் பரிசோதனையிலும் அது குறை காட்டியதில்லை. போன வருடம் மகள் அமலிக்கு ஒரு கிட்னியைக் கொடுத்ததிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பிறகு அமலியின் ரத்தத்தில் கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்று ஏறிக்கொண்டே போனது. அது என்ன சங்கதி என்று அறிய, லூர்துசாமி தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான டாக்டர் மெய்யம்மையின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸ் இல்லாத ரத்தம் வேண்டும் என்றார் மெய்யம்மை. லூர்துசாமி யோசிக்காமல் தன் கையை நீட்டினார்.

அவர் ரத்தத்திலும் அதே வைரஸ் இருந்தது.

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். சின்ன வயதிலேயே தொற்றியிருக்கும், பெரியவர்களில் பெரும்பாலோரிடம் உண்டு, ரத்த வங்கியில் இதைத் தேடுவதில்லை என்று மெய்யம்மை சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

"அப்ப நான்தான் குடுத்தேனா, மேடம்?"

"இருக்கலாம்."

"எனக்கு ஏன் கட்டி வரல?"

மெய்யம்மை அவருடைய ரத்தத்தை இரண்டு தட்டில் பிரித்து, ஒன்றில் மட்டும் எதையோ சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டையும் மூடிவைத்தார்.

ஐந்தாவது வாரம் அமலியின் கழுத்தில் கட்டி வந்தது. கிட்னிக்காக அவள் சாப்பிடும் மாத்திரையைக் குறைத்தாக வேண்டும், குறைத்தால் உடம்பு கிட்னியை ஏற்காமல் போகலாம் என்றார்கள் டாக்டர்கள். தான் கொடுத்த கிட்னியைக் காவு கொடுக்கச் சொல்கிறார்களா என்று அவர்களோடு மல்லுக்கு நின்றுவிட்டு, நேரே ஆய்வுக்கூடம் வந்தார் லூர்துசாமி.

மெய்யம்மை தட்டுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்து அவருக்குக் காட்டினார். முதல் தட்டில் ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. இரண்டாவதில் வைரஸ் ஏறிய ரத்த அணுக்கள் கொத்துக் கொத்தாகப் பெருகிக் கிடந்தன.

"இதுல என்ன விட்டீங்க?"

"அமலிக்கு நீங்க வேளை தவறாம குடுக்குற மருந்துதான்."

அந்த வைரஸைத் துரத்த ஒரு மருந்தும் இல்லையா என்று கேட்டார் லூர்துசாமி.

"அது போகாது. உங்களுக்குள்ள நோயை எதிர்க்குற ஒரு காவல் முழிச்சிருக்கு, அதனால அது அடங்கிக் கெடக்கு. அமலிகிட்ட அந்தக் காவல மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்கோம்."

"முழிச்சா என் கிட்னியையும் அடிக்குமே?"

"அடிக்கலாம்."

"அப்பறம் நான் குடுத்ததுக்கு என்ன அர்த்தம்?"

மெய்யம்மை மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார்.

"யாருக்காகக் குடுத்தீங்க, அண்ணே?"