காலி அண்டாவும் பெரிய விசிறியும்

“மைனி, உங்க கடையிலேயே பெரிய விசிறி எது?”

கஸ்பார் வாசலில் நின்றபடியே கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இஞ்ஞாசியம்மாள் அவனுடைய அண்ணன் மனைவி. அந்தக் கரையில் எந்தப் படகு டீசல் இன்ஜினுக்கு மாறினாலும், அடியில் சுழன்று படகைத் தள்ளும் பித்தளை விசிறியை அவள்தான் பார்த்துப் பூட்டுவாள். பேச்சு குறைவு. அவளிடம் கேள்வியோடு போனவர்கள் பெரும்பாலும் ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள்.

“பெரிசு எதுக்கு?” என்றாள்.

“குலுக்கல்ல என் படகு பேருல்லா விழுந்திருக்கு! நாளை மறுநாள் மாதா என் படகுலதான் கடல்பவனி போறா. போன வருசம் வில்பிரட் படகு ஆமை மாதிரி ஊர்ந்துச்சே, ஊரே சிரிச்சுதே. என் படகு பறக்கணும் மைனி.”

“மாதாவுக்கு அவசரமா?”

“எனக்கு அவசரம்.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கண் சிரித்தது.

“மாதாவுக்கு என்ன உடுப்பு?”

“வெள்ளைப் பட்டு. என் வீட்டுக்காரிதான் ராவும் பகலுமா பூ வேலை செய்யிறா. அதுல ஒரு பொட்டு கரி விழுந்தாலும் வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டா. சும்மா சொல்லலை மைனி. என் தலகாணியை எடுத்து வெளியே வச்சே காட்டிட்டா.”

இஞ்ஞாசியம்மாள் எழுந்து கடையின் பின்பக்கம் போனாள். கஸ்பாரும் போனான்.

அங்கே திருவிழாவில் ஊருக்கே போடும் அசன விருந்துக்குச் சோறு ஆக்கும் அண்டாக்களைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் உட்காரலாம் போல இருந்தது. அவள் சோறு கிண்டும் துடுப்புகளில் ஆகப் பெரியதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“கிண்டும்.”

“வெறும் அண்டாவையா?”

“கிண்டும் கொழுந்தனாரே.”

அவன் கிண்டினான். துடுப்பு அண்டாவுக்குள் வட்டம் போட்டது.

“எப்படி இருக்கு?”

“பூ மாதிரி சுத்துது!”

“அப்ப சரி,” என்றாள். சுவரில் தொங்கியதிலேயே பெரிய விசிறியைக் கழற்றினாள். அன்று மாலையே படகைக் கரையேற்றி அதைப் பூட்டியும் கொடுத்தாள்.

கஸ்பார் படகைக் கடலில் விட்டான்.

படகு பறந்தது. வில்பிரட் கரையில் நின்று வாயைப் பிளந்தான். புகைக்குழாயிலிருந்து மூச்சு மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான்.

“பாத்தீங்களா மைனி!”

“பாத்தேன். யாரு யாரு ஏறினா?”

“யாரையும் ஏத்தலை. புதுப் பெயிண்டு. நானே வெறுங்காலோட நுனிக்கால்லதான் நின்னேன்.”

அது அந்தக் கரையின் வழக்கம். பவனிப் படகுக்கு வர்ணம் அடித்துவிட்டால் மாதா ஏறும்வரை வேறு யாரும் ஏறக்கூடாது. வலையையும் ஐஸ் பெட்டியையும்கூட இறக்கிவிடுவார்கள்.

“நாளைக்குக் காலையில வாறேன்,” என்றாள் இஞ்ஞாசியம்மாள். “திருவிழாவுக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டு வாரும்.”

“வேட்டி எதுக்கு?”

அவள் போய்விட்டாள்.

*

மறுநாள் அவள் தனியாக வரவில்லை.

பேண்டு வாத்தியக்காரர்கள் வந்தார்கள். கோயில் கமிட்டியார் வந்தார்கள். பாட்டுக்குழுப் பெண்கள் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதா சிலையின் பாரத்துக்கு ஈடாக ஒரு வண்டி நிறைய அரிசி மூட்டை வந்தது.

“மைனி! பெயிண்டு!” என்று அலறினான் கஸ்பார்.

“நாளைக்கு இவங்க எல்லாரும் பறந்தா வரப்போறாங்க?”

“அது நாளைக்கு! வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?”

“மாதா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன். ஏறுங்க எல்லாரும்!”

ஏறினார்கள். டிரம் அடிக்கிற ஆள் ஏறியபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வணக்கம் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள், கஸ்பாரைத் தவிர.

இஞ்ஞாசியம்மாள் அரிசி மூட்டைகளின் நடுவே ஒரு கழியை நட்டாள். கஸ்பாரின் புது வேட்டியை அதில் விரித்துக் கட்டினாள்.

“இதான் மாதா. கிளப்பும்.”

அவன் இன்ஜினைக் கிளப்பினான். முடுக்கினான். இன்னும் முடுக்கினான்.

இன்ஜின் முக்கி முனகியது. சுழற்சி காட்டும் முள் பாதி தூரம் ஏறிவிட்டு, அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றது. விசிறி தள்ளவேண்டிய தண்ணீர் அதிகம், படகில் பாரமும் அதிகம். விசிறியைச் சுற்ற இன்ஜினுக்குத் தெம்பு இல்லை. எரியாத டீசல் எல்லாம் கருகிப் புகையாகக் கிளம்பியது. பின்னாலிருந்து வந்த காற்று அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வேட்டியில் சேர்த்தது.

படகு திரும்பி வந்தபோது வேட்டி அண்டாவின் கரியைத் துடைத்த துணி மாதிரி இருந்தது.

பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி, “தலகாணி போச்சே அண்ணாச்சி!” என்றாள். ஊருக்கே தெரிந்திருந்தது.

கஸ்பார் வேட்டியைக் கழியிலிருந்து அவிழ்த்தான். அப்புறம் மெல்லச் சொன்னான்.

“மைனி... நேத்து அண்டாவுல ஒண்ணுமே இல்லை. படகுலயும் ஒண்ணும் இல்லை.”

“ஆமா.”

“அதை நேத்தே சொல்லியிருக்கலாம்லா?”

“நீரே கேட்டீரே, வெறும் அண்டாவையான்னு.”

கஸ்பாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

“அப்ப இருக்கிறதிலேயே சின்ன விசிறியைப் பூட்டுங்க!”

“சரி.”

“சரியா? நிசமாவா?”

“நீரு சும்மா சொன்னா கேக்கிற ஆளா?”

எல்லாரும் இறங்கிக் கயிற்றைப் பிடித்துப் படகைக் கரைக்கு இழுத்தார்கள். பேண்டுக்காரர்கள் இழுவைக்கு ஏற்றபடி ஊதினார்கள். சின்ன விசிறி ஏறியது. எல்லாரும் மறுபடி படகில் ஏறினார்கள்.

இந்தமுறை புகை இல்லை. இன்ஜின் வீல் என்று கத்தியது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. விசிறி பரபரவென்று சுற்றியது, தண்ணீரைத்தான் பிடிக்கவில்லை. கரையோரம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்த பங்குச்சாமியார் படகை முந்திக்கொண்டு போனார். போகிறபோது கையை உயர்த்தி ஆசீர்வாதமும் கொடுத்தார்.

டிரம்காரர் சிரித்துச் சிரித்து மூட்டைமேல் சாய்ந்துவிட்டார்.

மறுபடி கரை. மறுபடி கயிறு. இஞ்ஞாசியம்மாள் கடைச் சுவரோரமாகப் போய், பெரிசுக்கும் சிறிசுக்கும் நடுவில் தொங்கிய ஒன்றைக் கழற்றி வந்தாள். பார்க்கச் சாதாரணமாக இருந்தது. நேற்று கஸ்பாரின் கண் அதைத் தாண்டித்தான் போயிருந்தது.

“எல்லாரும் ஏறுங்க,” என்றாள். “ஒருத்தர் குறைஞ்சாலும் ஓட்டக் கூடாது.”

முடுக்கினான். முள் ஏறியது. சிவப்புக் கோடு வரைக்கும் வந்தது. கோட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது.

இன்ஜின் அலறவில்லை, முக்கவில்லை. பிடித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் போல ஒரே சுரத்தில் ஓடியது. படகு பறக்கவில்லை. ஆனால் அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு நல்ல வேகத்தில், நேராகப் போனது.

பாட்டுக்குழு தானாகவே பாட ஆரம்பித்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மாதா கடலுக்குப் போனாள்.

கரை முழுக்க ஜனம். வேட்டு வெடித்தது. படகில் வேட்டி கட்டாதவன் கஸ்பார் மட்டும்தான், கைலியோடு சுக்கான் பிடித்து நின்றான். பெயிண்டு முழுக்கக் காலடித் தடம். அவன் மனைவி மாதாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டை உற்று உற்றுப் பார்த்தாள். கடைசியில் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

பட்டு பட்டாகவே கரை திரும்பியது.

மாதாவை இறக்கினார்கள். மூட்டை முடிச்சோடு எல்லாரும் இறங்கினார்கள். படகு லேசாகித் தண்ணீரில் துள்ளியது. கஸ்பாரின் கை சும்மா இருக்கவில்லை. இன்ஜினைத் தட்டிக்கொடுத்தான்.

“மைனி, ஒரே ஒரு ஆசை.”

“சொல்லும்.”

“இப்பத்தான் படகு காலியாயிட்டே. அந்தப் பெரிய விசிறியைத் திரும்பப் பூட்டித் தாங்களேன். பறந்துச்சே, பாத்தீங்கள்லா?”

இஞ்ஞாசியம்மாள் ஒரு கையில் அசனச் சோறும், இன்னொரு கையில், இனி வீட்டுக்கு வரலாம் என்று அவன் மனைவி கொடுத்தனுப்பிய தலையணையுமாக நின்றாள். தலையணையை அவன்மேல் எறிந்தாள்.

“காலியா எங்கே போகப்போறீரு கொழுந்தனாரே?”