மாவு ஊறும் நேரம்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! நெல்லைக் கண்ணால் பார்த்தறியாத, கோதுமை மட்டுமே விளைகிற ஒரு வடக்குச் சீமையில் திடவர்மன் என்ற அரசன் இருந்தான். வீரன்தான். ஆனால் பொறுமை என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. குதிரைக்குச் சேணம் கட்டி முடிக்கும்வரைகூட அவனால் நிற்க முடியாது. வெறும் முதுகில் தாவி ஏறிவிடுவான்.

அவன் சோணபுரி என்ற ஊரை முற்றுகையிட்டான். முதல் நாளே கோட்டைச் சுவரிலிருந்து ஓர் அம்பு பறந்து வந்து அவன் தாடையில் தைத்தது. உயிர் தப்பியது. ஆனால் தாடை எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. எதையும் கடித்துத் தின்ன முடியவில்லை.

அன்றிலிருந்து காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி கஞ்சி. நாற்பது நாள் அப்படியே போயிற்று. படைவீரர்கள் சுடச்சுடச் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்னும் வாசனை கூடாரத்துக்குள் வரும்போதெல்லாம் அரசன் பல்லைக்கூடக் கடிக்க முடியாமல் தவித்தான்.

நாற்பத்தோராம் நாள் சோணபுரிக்குள் தானியம் தீர்ந்தது. கோட்டைக் கதவு திறந்தது. ஊர் ஜனங்களை எல்லாம் ஆற்றங்கரையில் உட்கார வைத்தார்கள்.

"என்மேல் அம்பு விட்டவன் யார்?" என்று அரசன் கேட்டான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டான். மூச்சில்லை. மூன்றாம் முறை கேட்டான். ஒரு குழந்தை இருமிய சத்தம்தான் கேட்டது.

"நல்லது. நான் வெற்றி விருந்து சாப்பிடப் போகிறேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் இந்த ஊரைக் கொளுத்துங்கள். கொண்டுவா சப்பாத்தி! இப்போதே!"

முதல் சமையற்காரன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அது தோல் செருப்புப் போல இருந்தது. இரண்டாமவன் கொண்டுவந்தது அப்பளம் போல நொறுங்கி, அரசனின் ஈறைக் கிழித்தது. மூன்றாமவனின் சப்பாத்தி வெளியே கருகி, உள்ளே பச்சை மாவாக இருந்தது. மூன்று தட்டும் ஆற்றில் விழுந்தன. மூன்று சமையற்காரர்களும் மணலில் விழுந்து உயிருக்குக் கெஞ்சினார்கள்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். மேதினி என்று பெயர். அந்த ஊரில் மாவு திரித்துக் கொடுத்துப் பிழைப்பவள். சாப்பிட்டு மூன்று நாளாகியிருந்தது.

"அரசே, அவர்கள்மேல் குற்றமில்லை. நீங்கள் போடுகிற சத்தத்தில் பிசைந்த கையோடு சுட்டுவிடுகிறார்கள். எனக்கு மாவு கொடுங்கள். நான் சுட்டுத் தருகிறேன். ஆனால் நான் சொல்லும்வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதுவரை ஊருக்குத் தீ வைக்கக் கூடாது."

"விஷம் வைப்பாள், அரசே!" என்றார் மந்திரி தேவரதர்.

"முதல் துண்டை நானே தின்கிறேன்" என்றாள் மேதினி.

அரசன் தலையசைத்தான்.

அவள் மாவைச் சலித்தாள். உப்பிட்டாள். வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தாள். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தினாள். மூன்று நாள் பட்டினி கிடந்தவள் விரலில் ஒட்டிய மாவைக்கூட நக்கவில்லை. அத்தனை படையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. காது மடல்போல மாவு மெத்தென்று ஆனதும், ஈரத் துணியால் மூடிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் உட்கார்ந்துவிட்டாய்?" என்று அரசன் கத்தினான்.

"மாவு ஊற வேண்டும், அரசே."

சற்று நேரத்தில் அவன் எழுந்தான். "போதுமா?"

"இன்னும் ஊறவில்லை."

தீப்பந்தம் ஏந்தியவர்களைப் பார்த்து மறுபடியும் எழுந்தான். "இப்போது?"

"இன்னும் கொஞ்சம். இப்போது தேய்த்தால் சுருங்கிக்கொள்ளும். சுட்டால் உங்களைத்தான் காயப்படுத்தும்."

ஒரு நாழிகை கழிந்தது. அவள் துணியை விலக்கி மாவை விரலால் அழுத்திப் பார்த்தாள். உருண்டை பிடித்து, வட்டமாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டாள். மேலே சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பியதும் திருப்பினாள். துணியால் ஓரத்தை லேசாக ஒற்றினாள். சப்பாத்தி மெல்ல மூச்சு இழுத்தது போல உப்பியது. உப்பி உப்பிப் பூரண சந்திரனாக நின்றது. கரையில் இருந்த எதிரிகளும் நண்பர்களும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள்.

நெய் தடவி, ஒரு துண்டைத் தான் தின்றுவிட்டு, மிச்சத்தை நீட்டினாள்.

அரசன் நாக்கில் வைத்தான். கடிக்கவே தேவையிருக்கவில்லை. அது வாய்க்குள் மடங்கிக் கரைந்தது. நாற்பது நாளைக்குப் பிறகு கோதுமையின் இனிப்பு அவன் தொண்டையில் இறங்கியது. அத்தனை பெரிய வீரனின் கண்ணில் நீர் வழிந்தது, அவன் துடைக்கவில்லை.

"என்ன வேண்டும், கேள்" என்றான்.

"ஊரை விட்டுவிடுங்கள்."

"அம்பு விட்டவனைக் காட்டு. விட்டுவிடுகிறேன்."

மேதினி தலைகுனிந்தாள். "காட்டமாட்டேன், அரசே. தெரியாது என்று பொய்யும் சொல்லமாட்டேன். அவர் என் கணவர்."

அரசனின் வாள் உறையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அவள் நகரவில்லை. கையில் மாவு ஒட்டியிருக்க, அப்படியே அமர்ந்திருந்தாள்.

வாள் பாதியிலேயே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அரசன், அவன் குரல்தானா என்று எல்லோரும் வியக்கும்படி மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, இன்னொரு முறை மாவு பிசை. அது ஊறும்வரை நானும் உட்கார்ந்திருக்கிறேன்."

அவள் பிசைந்து மூடிவைத்தாள். அரசன் அந்த ஈரத் துணியையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். பாதி நாழிகை போனதும், "தேவரதரே, அன்று அந்தச் சுவருக்குள் நான் எத்தனை அம்பு விட்டேன்?" என்று கேட்டான்.

"யார் எண்ணினார்கள், அரசே?" என்றார் மந்திரி.

அரசன் கரையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நெற்றி வெறுமையாக இருந்த பெண்களைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப்போனது.

"ஊறிவிட்டது, அரசே" என்றாள் மேதினி.

"என் மனமும்தான்" என்றான் அவன். "பந்தங்களை ஆற்றில் போடுங்கள். நம் மாவு மூட்டைகளை எல்லாம் அவிழுங்கள். முதலில் இவர்கள் சாப்பிடட்டும்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒல்லியான ஒரு மனிதன் எழுந்து வந்து, படையினர் பறித்துக் குவித்திருந்த ஆயுதங்களிலிருந்து தன் வில்லை எடுத்து அரசன் காலடியில் வைத்தான். மேதினியின் கணவன் சுதாமன்.

"குறி தப்பாதவனோ நீ?" என்று அரசன் கேட்டான்.

"இல்லை, அரசே. குதிரையைத்தான் குறிவைத்தேன். காற்று அடித்துவிட்டது."

திடவர்மன் சிரித்துவிட்டான். தாடை வலித்தது, வலியோடேயே சிரித்தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கல்லிலிருந்து வந்த அடுத்த சப்பாத்தியைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் கொடுத்தான். அன்று அந்த ஆற்றங்கரையில் பொழுது சாயும்வரை அடுப்பு அணையவில்லை. ஊரில் ஒரு கூரைகூட எரியவில்லை.

ஆகவே கேட்டவர்களே, கோபத்தில் எடுக்கிற முடிவு பிறரையும் நம்மையும் புண்ணாக்கும். அதைச் சற்று நேரம் பொறுத்து ஆறவிட்டுச் செயல்படுகிறவனே உண்மையில் வலிமையுள்ளவன்.