கோட்டின் மேல் விழுந்த பந்து

துடியன் என்ற கீரிக்கு டென்னிஸ் என்றால் உயிர்.

மூங்கில் காட்டின் நடுவே, ஆள் வராமல் பூட்டிக் கிடந்த ஒரு பங்களா இருந்தது. அதன் பின்னால் ஒரு டென்னிஸ் மைதானம். மட்டைகளும் பந்துகளும் கொட்டகையிலேயே கிடந்தன. விலங்குகள் அவற்றை எடுத்து ஆடிப் பழகிவிட்டன. கோடை பிறந்ததும் போட்டி நடக்கும். ஜெயிப்பவருக்கு ஒரு முழுத் தேனடை பரிசு.

பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று கோட்டோரம் நின்று கத்திச் சொல்வது ஆள்காட்டிப் பறவையின் வேலை. கோட்டில் பட்டாலும் அது உள்ளே என்றுதான் கணக்கு. நரி பதுங்கி வந்தாலும் முதலில் பார்த்துக் கத்துவது அவள்தான். அவள் குரலைக் கேட்டதும் முயல்கள் வளைக்குள் பாய்ந்துவிடும்.

அந்த வருடம் துடியன் மழைக்காலம் முழுக்கப் பயிற்சி செய்தான். சகதியில் வழுக்கி விழுந்தான், எழுந்தான், மறுபடி ஆடினான். ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டான். எதிரே நின்றது பாறையன் என்ற உடும்பு.

"அட, உடும்புதானா! வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடறேன் பாருங்க!" என்றான் துடியன்.

சொன்ன மாதிரியேதான் ஆடினான். அங்கே பாய்ந்தான், இங்கே பறந்தான். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் தேனடை அவனுக்கு! ஆனால் பாறையன் விடவில்லை. எந்தப் பந்து வந்தாலும் நிதானமாகத் திருப்பி அனுப்பினான். துடியனுக்குப் பொறுமை போயிற்று. வேகமாக அடித்தான், பந்து வலையில் சிக்கியது. இன்னும் வேகமாக அடித்தான், பந்து மூங்கில் புதருக்குள் போய் விழுந்தது. கைக்கு எட்டிய வெற்றி கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது.

கடைசியில் பாறையன் மூலையைப் பார்த்து ஒரு பந்து அடித்தான். துடியன் எட்டிப் பாய்ந்தும் மட்டையில் படவில்லை. பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்புப் பொடி புகைபோலப் பறந்தது.

"உள்ளே!" என்று கத்தினாள் ஆள்காட்டி.

எல்லோரும் பாறையனைச் சுற்றி ஆரவாரம் செய்தார்கள். துடியன் யார் முகத்தையும் பார்க்காமல் தன் புதருக்குப் போய்ச் சுருண்டுகொண்டான். கண்ணை மூடினால் அந்த ஒரு புள்ளிதான் வந்து நின்றது. "மழையிலெல்லாம் ஆடினேனே!" என்று தனக்குத்தானே சொல்லி அழுதான்.

அப்போது புதர் விலகியது. நரி தலையை நீட்டியது.

"பாவம்ப்பா நீ! உன்னை ஏமாத்திட்டாங்க!"

"என்ன சொல்றே?"

"கடைசிப் பந்து வெளியேதான் விழுந்துச்சு. நான் பார்த்தேனே! அந்த ஆள்காட்டிக்கு உன்னைக் கண்டா ஆகாது. தலைவர்கிட்ட போய்ச் சொல்லு, மறு ஆட்டம் வைப்பாரு!"

சுண்ணாம்பு பறந்ததைத் துடியன் தன் கண்ணாலேயே பார்த்திருந்தான். ஆனாலும் நரியின் பேச்சு புண்ணில் மருந்து தடவியதுபோல இதமாக இருந்தது. 'நான் தோற்கவில்லை, தோற்கடித்துவிட்டார்கள்' என்று நினைக்க நினைக்க வலி குறைந்தது.

மறுநாள் காலை காட்டெருமைத் தலைவர் முன்னால் போய் நின்றான். "பந்து வெளியே போனதை நான் பார்த்தேன். ஆள்காட்டி பொய் சொல்லிட்டா!"

கூட்டம் சலசலத்தது. ஆள்காட்டி திகைத்துப்போனாள்.

"துடியா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு! அது வெளியேவா போச்சு?"

துடியன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றான்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "இவ்வளவு பாடுபட்டு ஆடினவன் பொய் சொல்லுவானா? நாளைக்கு மறு ஆட்டம். ஆள்காட்டி, பொய் சொல்றவளுக்கு இங்கே இடமில்லை. சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடு!"

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் துடியனுக்கு வாயில் வைத்த நாவற்பழம்கூட இறங்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், மைதானத்தோரம் உட்கார்ந்திருந்த அவனைத் தேடிப் பாறையன் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று துடியன் முடியைச் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"மறு ஆட்டம் ஆடலாம், எனக்கு ஒண்ணுமில்லை" என்றான் பாறையன். "போன வருஷம் முதல் சுற்றிலேயே தோத்துட்டு, பொந்தை விட்டு வெளியே வராம கிடந்தவன் நான். அந்த வலி எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். நான் இதுவரைக்கும் அடிச்சதிலேயே நல்ல பந்து அதுதான்னு நினைச்சிருந்தேன். நேத்து அந்தச் சந்தோஷத்துல தூக்கமே வரலை. அது நிஜமாவே வெளியேவா போச்சு?"

துடியனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "இல்லை பாறையா! கோட்டு மேலேயே விழுந்துச்சு. அற்புதமான பந்து! நான்தான்..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் வானத்திலிருந்து ஒரு குரல் அலறியது. காட்டைவிட்டுப் பறந்துகொண்டிருந்த ஆள்காட்டிதான்! "நரி வருது! நரி வருது! ஓடுங்க!"

மைதானத்தில் முயல்கள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. "பொய்க்காரி போறபோக்குல கத்துறா, விடுங்க!" என்று சிரித்தன. கொட்டகைக்குப் பின்னால் நரியின் வால் ஆடியது.

துடியனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒரே பாய்ச்சலாக மைதானத்துக்குள் ஓடினான்.

"அவ பொய் சொல்ல மாட்டா! பொய் சொன்னது நான்! பந்து உள்ளேதான் விழுந்துச்சு, நான் தோத்துட்டேன்! ஓடுங்க!"

முயல்கள் சிதறி ஓடின. பாய்ந்து வந்த நரிக்கு ஒரு கொத்து முயல் ரோமம்தான் மிச்சம். சத்தம் கேட்டுக் காட்டெருமைத் தலைவர் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வர, நரி திரும்பிப் பார்க்காமல் ஓட்டம் பிடித்தது.

எல்லோரும் துடியனையே பார்த்தார்கள். அவன் கீழே இறங்கி வந்த ஆள்காட்டியிடம் போய், "என்னை மன்னிச்சிடு. தோத்த வலியை உன் மேல இறக்கி வச்சுட்டேன்" என்றான்.

"உன் மேல கோபம் இன்னும் போகலை" என்றாள் அவள். "போனதும் சொல்றேன்." ஆனாலும் காட்டைவிட்டுப் போகவில்லை.

தேனடையைப் பாறையனிடம் கொடுத்தபோது துடியனும் கை தட்டினான். நெஞ்சு இன்னும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அன்று அவன் நாவற்பழம் தின்றான், நன்றாகத் தூங்கினான். விடிந்ததும் மட்டையை எடுத்துக்கொண்டு பாறையனின் பொந்து வாசலில் போய் நின்று, "வர்றியா, ஒரு ஆட்டம் போடலாம்!" என்று கூப்பிட்டான்.

தோல்வி தரும் வலியை அடுத்தவர் மேல் பழியாகப் போடாமல், 'தோற்றுவிட்டேன்' என்று ஒப்புக்கொள்பவருக்குத்தான் அந்த வலி ஆறும்.