கேசட் மாதிரியே

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. திருச்சி பாலக்கரையில், ஒரு டயர் கடைக்கு மேலே குருவின் ஒலிப்பதிவு அறை இருந்தது. குருவின் பெயர் மெஹருன்னிசா. சீடரின் பெயர் வில்வநாதன். சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு வணக்கம் வைப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

வில்வநாதன் வாழ்நாளில் பாதியைக் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசித்தே கழித்தவர். மெல்லிசைக் குழுக்காரனுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு ஒன்றுதான். "கேசட் மாதிரியே இருந்துச்சு" என்பார்கள். அதைக் கேட்டு அவர் பூரித்துப் போவார். பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது.

ஐம்பதைத் தொட்டதும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சினிமா வேண்டாம், கம்பெனி வேண்டாம். சொந்தமாக எட்டுப் பாட்டு, ஓர் ஆல்பம். இளவயதில் அவர் மயங்கிக் கிடந்த எண்பதுகளின் மேல்நாட்டு நியூ வேவ் பாணி. மினுமினுக்கும் சிந்தசைசர், விறைப்பாக நடைபோடும் டிரம் மெஷின், அதன் மேல் தமிழில் தன் குரல். குழுவை விட்டார். மெஹரின் ஒலிப்பதிவு வகுப்பில் சேர்ந்தார். எட்டுப் பாட்டும் உருவாகிவிட்டன. ஆனால் வெளியே விட மட்டும் மனம் வரவில்லை, தினமும் எதையாவது பூசிக்கொண்டே இருந்தார்.

அன்று காலை, ஊரின் பழைய கோட்டை வாசலில் நடப்பதாக எழுதிய 'மெயின்கார்டு கேட்டில் மழை' என்ற பாட்டைப் போட்டுக் காட்டினார். மெஹர் கண்ணை மூடிக் கேட்டார்.

"என்ன சார், பாட்டுக்கு அடியில யாரோ வடை சுடுறாங்க?"

"அது கேசட் இரைச்சல் மேடம். வெத்துக் கேசட்டை ஓடவிட்டு ரெக்கார்ட் பண்ணி, எல்லாப் பாட்டுக்கும் அடியில போட்டிருக்கேன். அப்பதான் அந்தக் காலத்துக் களை வரும்."

"அந்தக் காலத்து ஆளுங்க இதைப் போக்கத்தான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க."

வில்வநாதன் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"உங்க குரலைக் காணோமே?"

"எதிரொலி கொஞ்சம் தூக்கலா வெச்சிருக்கேன்."

"கொஞ்சமா? கிணத்துக்குள்ள விழுந்தவர் மாதிரி கேக்குது."

அவர் மெல்லச் சொன்னார். "'கூப்பிட்டேன்'னு மேல போற இடத்துல குரல் உடையுது மேடம். எப்படிப் பாடினாலும் அங்கயே உடையுது. அதான் மூடி வெச்சேன்."

பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

"பழைய குழுவுல திரும்பக் கூப்பிடுறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போயிட்டா இந்த ஆல்பம் அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது எதை மாதிரி இருக்கணும்? அது தெரிஞ்சா போதும், அப்படியே கொண்டுவந்துடுவேன். எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான்."

 ஆல்பம் ஓடாமல் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை. அடுத்தவர் பாட்டை எடுத்துவிட்டால் தன்னிடம் ஒன்றுமே மிஞ்சாதோ என்ற பயம்தான்.

 மெஹர் கணினியின் பக்கம் திரும்பினார். இரைச்சலை எடுத்தார். எதிரொலியை எடுத்தார். குரல் வெறுமையாக வெளியே வந்து நின்றது. நடுத்தெருவில் சட்டையைக் கழற்றச் சொன்னது போல வில்வநாதனுக்குக் கூசியது.

"இதை ஒருத்தங்ககிட்ட குடுக்கலாமா சார்?"

"இப்படியேவா?"

"இப்படியே."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். மெஹர் பாட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் உறையூர் கல்யாண மண்டபத்துக்கு வந்துடுங்க."

வியாழக்கிழமை மண்டபத்தில் விசேஷம் ஏதும் இல்லை. பந்திக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பெண் தனியாகக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். வேறொரு மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா. அவளுக்கு வில்வநாதனைத் தெரியாது. அவள் வாசித்தது, மெஹர் கொடுத்திருந்த 'மெயின்கார்டு கேட்டில் மழை'.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பாட்டு 'கூப்பிட்டேன்' என்ற இடத்துக்கு ஏறியது. ஜெசிந்தாவின் இடது கை கீபோர்டின் ஓரத்தில், சுரத்தை வளைக்கும் சக்கரத்தைச் சட்டென்று இழுத்தது. சுரம் உடைந்தது.

வில்வநாதனுக்குள் இருந்த குழுக்காரர் சும்மா இருக்கவில்லை. கிட்டே போனார்.

"அங்க உடையுது பாரு. நேரா வாசிம்மா."

"அசல்லயே அப்படித்தான் சார் இருக்கு."

"பாடினவன் தப்பாப் பாடியிருப்பான்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேரா வாசிச்சுப் பாத்தேன் சார், சப்புன்னு ஆயிடுச்சு. நீங்களே கேளுங்க." ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவர் கேட்டார். அடியில் இரைச்சல் இல்லை. மேலே எதிரொலி இல்லை. மழை, பஸ், குடையை மறந்துவிட்டு இறங்கிப் போகும் ஒருத்தி, அவளைக் கூப்பிடும் ஓர் ஆள். அந்த இடத்தை அதுவரை எப்படி மறைப்பது என்று பார்க்கத்தான் கேட்டிருந்தார். இன்று யாரோ ஒருவருடைய பாட்டாகக் கேட்டார். குரல் ஏறியது, உடைந்தது. அந்த ஆள் கூப்பிட்ட கூப்பாட்டில் அவருக்கே திரும்பிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது.

ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த இடந்தான் சார் பிடிபடவே மாட்டேங்குது" என்று ஜெசிந்தா மறுபடி வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

கை கழுவும் தொட்டியருகே மெஹர் நின்றிருந்தார். வில்வநாதன் அங்கே போவதற்குள் போன் அடித்தது. பதில் கேட்டுப் பழைய குழுத் தலைவர்.

"இல்லண்ணே, நான் வரலை. கோவிச்சுக்காதீங்க. இங்க ஒரு பொண்ணு பாட்டைத் தப்பா வாசிக்குது, அப்புறம் பேசறேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் சிடுசிடுவென்று இருந்தது.

"என்ன ஆச்சு சார்?" என்றார் மெஹர்.

"நல்லாத்தான் வாசிக்குது. ஆனா 'கூப்பிட்டேன்' வரலை மேடம். சக்கரத்தைச் சீக்கிரம் விட்டுடுது. உடைஞ்சதுக்கு அப்புறமும் குரல் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டு நிக்கணும். அது இல்ல. மொத்தத்துல அது மாதிரி இல்ல."

"எது மாதிரி?"

  பந்திக் கூடத்தில் ஜெசிந்தா மறுபடி அந்த இடத்துக்கு ஏறி, மறுபடி தவறவிட்டாள்.

"போய்ப் பாடிக் காட்டுங்க சார்" என்றார் மெஹர். "அவளுக்குக் கேசட் வேற யார்கிட்ட கிடைக்கும்?"