ஏறாமல் நடந்தவள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், ஏழு மலைக்கு அந்தப் பக்கம் குயிலம்மை என்று ஒருத்தி இருந்தாள். காட்டுக்குப் போன அவள் புருஷன் முத்திருளன் திரும்பி வரவில்லை. மறுநாள் விடியலில் வாசலில் ஒரு செவலைக் குதிரை வந்து நின்றது.

அந்த வழியே வந்த பரதேசி சொன்னார்: "தாயி, தினமும் இது ஏரியை மூணு சுத்து சுத்தணும். ஒரு நாள் தவறினா ஒரு குளம்பு கல்லாகும். நாலும் கல்லானா உயிர் போயிடும்."

ஏழு வருஷம் அதன்மேல் ஏறி ஏரியைச் சுற்றினாள். சுற்றிய கையோடு அதிலேயே ஊர் ஊராகப் போய்ப் புருஷனைத் தேடினாள். தேடி அழுதாள், அழுது திரும்பினாள்.

ஒரு நாள் பாறையில் வழுக்கி விழுந்து குயிலம்மைக்குக் கால் முறிந்தது. வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, மூணு மாசம் அசையக் கூடாது என்றார். அவளுக்குக் காலைவிடக் குதிரைதான் கவலை. அதை ஓட்ட ஆள் தேடினாள்.

முதலில் வந்த அரண்மனைச் சேவகன் சாட்டையால் அடித்தான். குதிரை அவனைத் தள்ளிவிட்டது. ஒரு பின்னங்குளம்பு கல்லானது.

அடுத்து வந்தவன் வெல்லத்தைக் காட்டிக் காட்டி இரண்டு சுற்று ஏய்த்து ஓட்டினான். மூன்றாவதில் வெல்லத்தைத் தானே தின்றுவிட்டான். குதிரை நின்றுவிட்டது. இன்னொரு பின்னங்குளம்பும் கல்லானது.

மூன்றாவதாக வந்தவள் ஏரியில் கோரை அறுக்கிற பவளாயி. குதிரை ஏறத் தெரியாது என்றாள்.

"தெரியாதவ எதுக்கு வந்தே?"

"கூட நடக்கத் தெரியும் அக்கா. இதுமேல எப்படி ஏறுறது? உங்க பேரைச் சொன்னா இதுக்குக் கண்ணு கலங்குது."

குயிலம்மைக்குச் சுருக்கென்றது. ஏழு வருஷமாக அதன் முதுகையும் பிடரியையும்தான் பார்த்திருந்தாள்.

பவளாயி சேணத்தைக் கழற்றினாள், கழுத்தில் கை போட்டு நடந்தாள். ஒரு சுற்று, குதிரை நொண்டியது. இரண்டு சுற்று, பெருமூச்சு விட்டது. மூன்றாவது சுற்று முடிந்ததும் குதிரையைக் காணோம். முத்திருளன் நின்றான்.

குயிலம்மையிடம் வந்து, காட்டில் ஒரு மந்திரவாதியின் மரத்தை வெட்டியதால் வந்த வினை என்றான். மேலே ஏறாமல் தன்னோடு கூட நடக்கிறவர் வந்தால்தான் விடுதலையாம். கல்லான பாதங்கள் மட்டும் கல்லாகவே இருந்தன.

"உங்க மேல ஏறிக்கிட்டே உங்களைத் தேடினேனே," என்று குயிலம்மை விம்மினாள்.

"தேடின இடமெல்லாம் நானும் வந்தேன் புள்ளே," என்றான்.

பவளாயியை அவன் கூடப்பிறந்தவளாக ஏற்று, வருஷா வருஷம் சீர் செய்தான். கால் கட்டு அவிழ்ந்த பிறகு குயிலம்மையும் அவனும் ஏரியை ஒரு சுற்று சுற்ற ஒரு பகல் ஆனது. இருவருக்கும் அவசரமில்லை.