மணல் மூடிய ஊற்று

கோடையில் காட்டாறு வற்றிப்போனது. மணலுக்குள் ஒரே ஓர் ஊற்று. தோண்டியது உறுமன் என்கிற காட்டுப்பன்றி. மூக்குத்தோல் உரிய உரியத் தனியாகத் தோண்டியது. அத்தனை ஆழம் தோண்ட மற்றவற்றுக்குத் தெம்பில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்றுக்கு வருகிறவர் சரிந்த மணலை முதலில் வாரித் தள்ள வேண்டும். பிறகுதான் வாய் வைக்கலாம். மானும் முயலும் முள்ளம்பன்றியும் வந்தன. வழக்கப்படி மணலை வாரத் தொடங்கின.

உறுமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரைக் கேட்டுக் கால் வச்சீங்க? இது என்னுடையது!”

“தோண்டினது நீங்கதான் அண்ணே, இல்லேங்கல. ஆனா தண்ணி ஆத்தோடதுதானே?” என்றது மான்.

“நான் ரத்தம் சிந்துறப்போ ஆறு வந்து கைகொடுத்துச்சா?”

“சரி, பேசி முடிச்சுக்குவோம். காலையில உங்க குடும்பம் குடிக்கட்டும். சாயங்காலம் மிச்சமிருந்தா எங்களுக்கு.”

“ஒரு சொட்டு கிடையாது! நடங்க!”

“அப்ப நீயே கட்டிக்கிட்டு அழு!” என்றது முள்ளம்பன்றி.

அவை மலையடிவாரத்துக்குப் போய், கற்றாழை மடலைக் கடித்து நாக்கை நனைத்துக்கொண்டு கிடந்தன.

“பாத்தியா, எங்கிட்ட ஒருத்தன் வாலாட்ட முடியுமா?” என்று உறுமன் மனைவியிடம் மார்தட்டியது. மனைவி குட்டிகளைப் பார்த்தது.

மறுநாள் பெருங்காற்று கிளம்பியது. எல்லாரும் வார வேண்டிய மணல், வாரியது ஒரே ஆள். வார வாரச் சரிந்தது. மூன்றாம் நாள் ஊற்று மூடியே போய்விட்டது. கடைக்குட்டி தாகத்தில் சுருண்டு படுத்துவிட்டது.

உறுமன் மலையடிவாரத்துக்கு ஓடியது. பிறந்ததிலிருந்து யாருக்கும் குனியாத தலை, மானின் முன்னால் குனிந்தது.

“தாயி, எல்லாரும் வந்து மணலை வாருங்க. குட்டி சாகுது!”

“உன்னுடையதுல நாங்க எப்படிய்யா கால் வைக்கிறது?” என்றது முள்ளம்பன்றி.

“நம்மளுதுய்யா! நம்ம எல்லாருதும்! என் வாய்க்கொழுப்பு, அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன்.”

மான் எழுந்தது. முன்னால் நடந்தது. மற்றவையும் நடந்தன.

உச்சிவெயிலுக்குள் தண்ணீர் கசிந்தது. உறுமன் முதல் வாய்த் தண்ணீரை ஏந்திக்கொண்டு குட்டியிடம் ஓடியது. குட்டி வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் அதன் தாடையில் வழிந்து மணலில் இறங்கியது.

தோண்டியவன் நீயே ஆனாலும், ‘என்னுடையது’ என்று எல்லாரையும் விரட்டினால், அதைக் காக்கும் பாரமும் உன் ஒருவன் தலையில்தான் விழும்.